முதல் அவைக்கு, பேந்து எங்களுக்கு

பாரிசில் இருக்கிற என் சித்தி காலையில் கண் விழித்ததும் செய்கிற முதல் வேலை, நாலு நாடுகளில் சிதறிக்கிடக்கிற எங்கள் குடும்பத்துக்குக் கைபேசியில் ஒரு பைபிள் வசனம் அனுப்புவது. கனடாவில், மொன்றியலில் நான் எழும்பும்போது அது எனக்காகக் காத்திருக்கும். இன்றைக்கு வந்ததில் ஒரு ரோசாப்பூ, அதன்மேல் பனித்துளி, நடுவில் தங்க எழுத்துகள். உங்களுக்கு நல்லதையே நினைத்திருக்கிறேன், நல்ல எதிர்காலம் தருவேன் என்று கடவுள் சொல்வதாக வருகிற வசனம். எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்கள் சனம் காந்தமாகச் செய்து குளிர்பெட்டியில் ஒட்டிவைத்திருக்கும்.

நான் மகளின் சாப்பாட்டுப் பெட்டிக்கு அப்பிள் வெட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கச்சான், அதுதான் வேர்க்கடலை, தடை என்பதால் பிஸ்கட் பெட்டியின் பின்பக்கத்தைத் திரும்பவும் ஒருமுறை வாசித்துப் பார்த்திருந்தேன். வாசித்தது போதுமா என்ற யோசனையும் இருந்தது. அப்படியான அவசரத்திலும் கத்தியை வைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, அலுமாரித் தட்டிலிருந்து பைபிளை எடுத்து அந்த வசனத்துக்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அது பாபிலோனுக்குப் பிடித்துச் செல்லப்பட்ட சனங்களுக்கு எரேமியா இறைவாக்கினர் சொல்லியனுப்புகிற செய்தி. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், இருக்கிற நகரம் நல்லாயிருக்க மன்றாடுங்கள், கெதியில் ஊர் திரும்பலாம் என்று சொல்பவர்களை நம்பவேண்டாம் என்கிறார். அதையெல்லாம் தங்க எழுத்தில் போட ரோசாப்பூவில் இடம் காணாது. ஆனால் மொன்றியலில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு, பின்வளவில் வெண்டிக்காய் நட்டு அது வராமல் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு, ரோசாப்பூவைவிட அந்த முன்பக்கம் எவ்வளவு ஆறுதல் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்பிள் நிறம் மாறிவிட்டது. மகள் முகத்தைச் சுளித்தாள். என் காதுக்குள் மட்டும் ஒரு குரல் கேட்டது: "முதல் அவைக்கு, பேந்து எங்களுக்கு."

அது ஜெசிந்தா அக்காவின் குரல்.

சிலருக்குப் பைபிள் என்றால் கோயில் தூபத்தின் மணம் வரும். எனக்கு வருவது நனைந்த சப்பாத்தின் மணம். ஜெசிந்தா அக்காவின் வீடு மொன்றியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்தது. முன்கதவைத் திறந்தவுடன் ஒரு நீளமான பிளாஸ்டிக் தட்டில் எல்லாருடைய பனிச்சப்பாத்துகளும் உருகிய பனியில் ஊறிக்கொண்டு கிடக்கும். அதற்குமேல் அடுப்படியிலிருந்து மீன் ரோல்ஸ் பொரிகிற மணம். வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது என்பதால் மீன். அந்த இரண்டு மணங்களையும் தாண்டிப் படியிறங்கினால் நிலவறையில் ஒரு பழைய சோபாவும் மடக்குக் கதிரைகளும், கதிரைக்கு ஒன்றாகப் பைபிளும் இருக்கும். மேலே அக்காவின் பெடியள் பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஹொக்கி விளையாடுவது கீழே இடி மாதிரிக் கேட்கும். யோபுவுக்குக் கடவுள் சூறாவளியிலிருந்து பதில் சொல்கிற பகுதியை நாங்கள் வாசித்த அன்று அந்தச் சத்தம் மிகவும் பொருத்தமாக இருந்தது.

ஜெசிந்தா அக்கா எனக்குச் சில வயதுதான் மூத்தவர். ஒரு கார்தெறியில், அதுதான் சின்னப்பிள்ளைகளின் பகல் பராமரிப்பு நிலையத்தில், வேலை. எங்கள் தேவாலயப் பங்கில் இருந்த நாலைந்து யாழ்ப்பாண, மன்னார்க் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவருடைய வீட்டில் கூடிப் பைபிள் வாசிப்போம். பாதிரியார் எப்போதாவது வருவார், ரோல்ஸ் சாப்பிடுவார், ஒரு மூலையில் இருந்து கேட்பார். ஒருவரும் பிரசங்கம் வைப்பதில்லை. அதற்குப் பதிலாக அந்த வீட்டுக்கென்று சில சட்டங்கள் இருந்தன. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள்.

எடுத்த பகுதியை இரண்டு தரம் வாசிக்கவேண்டும், இரண்டாம் தரம் வேறு ஆள். ஒரே குரலில் கேட்டால் அந்தக் குரல் நினைக்கிறதுதான் எங்களுக்கும் கேட்கும் என்பார் அக்கா. பிறகு பேச்சுத் தொடங்கும். ஆனால் தேத்தண்ணி வரும்வரை ஒருவரும் 'எனக்கு' என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. இது எனக்குச் சொல்லுது, எனக்கு இப்படிப் படுகுது, எனக்கு இது பெரிய ஆறுதல் - ஒன்றும் கூடாது. யார் சொல்கிறார்கள், யாருக்குச் சொல்கிறார்கள், அதற்கு முன் என்ன நடந்தது, அதைக் கேட்ட ஆட்களுக்கு வயிறு எரிந்திருக்குமா குளிர்ந்திருக்குமா என்று மட்டும் கதைக்கலாம். முதல் அவைக்கு, பேந்து எங்களுக்கு என்று அக்கா சொல்வது இதைத்தான்: தேத்தண்ணிக்கு முன் அவர்கள், தேத்தண்ணிக்குப் பின் நாங்கள்.

இந்தச் சட்டத்தால் அதிகம் கஷ்டப்பட்டவர் மரியதாஸ் அண்ணை. மன்னார்க்காரர், துறைமுகத்திலிருந்து கொள்கலன் லொறி ஓட்டுபவர். ஆளும் பெரிசு, குரலும் பெரிசு. வாசித்து முடிந்த கையோடு படிக்கட்டைப் பார்த்துக் கூப்பிடுவார்.

"ஜெசிந்தா, தேத்தண்ணியைக் கொண்டு வாரும். எனக்கு எனக்கெண்டு கதைக்க வேணும்!"

"இருங்கோ அண்ணை. இன்னும் அவை கதைச்சு முடியேல்லை."

"ரெண்டாயிரம் வருசமாக் கதைக்கினம். இன்னும் முடியேல்லையாமோ?"

திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் கதையை வாசித்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வருகிறது. விடியற்காலை வந்தவனுக்கும் பொழுதுபடப் போகிற நேரம் வந்தவனுக்கும் ஒரே கூலி. என் கணவர் ஜூட் கணக்காளர், அவருக்கு அது பொறுக்கவில்லை.

"இப்பிடிச் சம்பளம் குடுத்தால் அடுத்த நாள் ஒருத்தரும் விடிய வரமாட்டினம், அண்ணை."

"அது அவரின்ரை தோட்டம், தம்பி. உம்மடை கொம்பனி இல்லை."

பிறகு அந்த அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் முதல் வருடங்களைச் சொன்னார்கள். மெத்ரோ ரயில் நிலைய வாசலில் இருட்டோடு போய் நிற்பது. கூலி வேலைக்கு ஆள் பிடிக்கிற முகவரின் வான் வந்து கை காட்டிக் கை காட்டி ஆட்களை ஏற்றிப்போவது. கை காட்டப்படாதவர்கள் அடுத்த வானுக்காகக் குளிரில் நிற்பது, அதுவும் வராமல் போவது. பின்னேரம் வரை சும்மா நின்றவன் சோம்பேறி என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அவன் நாள் முழுக்க ஒருவரும் கை காட்டாத ஆள் என்று அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. சொன்னவர்களுக்கும் அப்போதுதான் ஏறியது என்று நினைக்கிறேன். தங்கள் வாழ்க்கையே அந்தக் கதைக்குள் நிற்கிறது என்று அவர்கள் கண்டுபிடித்தது 'எனக்கு' என்ற சொல்லைச் சொல்லாமல் இருந்த நேரத்தில் என்பதுதான் வேடிக்கை.

வீட்டுக்கு வந்த இயேசுவுக்கு மார்த்தா சமைக்க, மரியா அவர் காலடியில் இருந்து கேட்ட கதையை வாசித்த அன்று ரோல்ஸ் தட்டோடு படியில் நின்றபடியே அக்கா கேட்டார்: "மரியா நல்ல பங்கைத் தெரிஞ்சவ, சரி. உதுகளை ஆர் பொரிக்கிறது?" ஆண்களெல்லாம் வெட்கப்பட்டு எழும்பி அடுப்படிக்குப் போனார்கள். அன்றைய ரோல்ஸ் வெளியே கருகி உள்ளே குளிர்ந்திருந்தது. வேதாகம விளக்கம் உடனடியாகப் பலன் கொடுத்ததை நான் நேரில் கண்டது அந்த ஒருமுறைதான்.

ஆனால் எனக்குள் இன்னொரு பழக்கமும் இருந்தது. அது அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா பயணத்துக்கு முன்னும் பரீட்சைக்கு முன்னும் கண்ணை மூடிச் சிலுவை போட்டு, பைபிளை நினைத்த இடத்தில் விரித்து விரல் வைப்பார். விரல் பட்ட வசனம்தான் அன்றைக்குக் கடவுள் சொன்னது. என் கணிதப் பரீட்சை ஒன்றுக்கு, இன்னார் இன்னாரைப் பெற்றார், அவர் இன்னாரைப் பெற்றார் என்று ஒரு பக்கம் நிறையப் பெயர்கள் வந்தன. அம்மா கொஞ்சமும் தடுமாறவில்லை. "எல்லாத்துக்கும் நீளமாய் எழுதட்டாம்" என்றார். நானும் நீளமாய் எழுதினேன்.

இந்த விசயத்தில் எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அம்மாவின் கட்சிக்காரர் மரியதாஸ் அண்ணைதான். அவரிடம் ஒரு கதை இருந்தது. சண்டைக் காலத்தில் ஒருநாள் ஊரைவிட்டுப் போவதா இருப்பதா என்று தெரியாமல் அவர் பைபிளைத் திறந்து விரல் வைத்திருக்கிறார். குழந்தை இயேசுவையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடிப்போ என்று யோசேப்புக்குக் கனவில் தூதன் சொல்கிற இடம். மனைவியையும் கைக்குழந்தையையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அன்றைக்கே வெளிக்கிட்டார். பிறகு அந்த வீட்டின் மேல் செல் குண்டு விழுந்தது. இந்தக் கதையைத் தேத்தண்ணிக்குப் பிறகு அவர் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். ஒருவரும் மறுத்துச் சொன்னதில்லை. ஜெசிந்தா அக்காவும் தன் சட்டத்தை அந்தக் கதைக்குப் பக்கத்தில் கொண்டுபோனதில்லை. ஒரு மனிதன் தன் குடும்பத்தோடு தப்பி வந்த வழியில் நின்று யார் கேள்வி கேட்பது?

அந்தக் காலத்தில் நான் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ விவசாயக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு அங்கேயே ஒரு மண் ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரே ஒரு மண் மாதிரியை வைத்து முடிவு எழுதினால் அங்கே சிரிப்பார்கள். அதே இடத்திலிருந்து எடுத்தாலும் பல மாதிரி வேண்டும், எந்த ஆழத்தில் எடுத்தது, முதல்நாள் மழை பெய்ததா என்றெல்லாம் எழுதவேண்டும். அதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிற பெண், வீட்டுக்கு வந்தால் வேறு பெண்.

மகள் வயிற்றில் இருந்தபோது பாதிக் காலத்தில் எடுக்கிற ஸ்கானுக்குப் போனேன். படம் எடுத்த பெண் கையையும் காலையும் காட்டிக் கலகலவென்று கதைத்துக்கொண்டு வந்தவள், நெஞ்சுப் பக்கம் வந்ததும் கதைப்பதை நிறுத்திவிட்டாள். பிறகு வைத்தியர் வந்தார். இதயம் வடிவாகத் தெரியவில்லை, பிள்ளைகளின் இதய நிபுணர் ஒருவர் பார்க்கட்டும், செவ்வாய்க்கிழமை வாருங்கள், பயப்படவேண்டாம் என்று பிரெஞ்சில் சொன்னார். பயப்படவேண்டாம் என்று யார் எந்த மொழியில் சொன்னாலும் எனக்கு அந்த நிமிடத்திலிருந்துதான் பயம் தொடங்கும்.

அடுத்த நாள் மத்தியானம், ஜூட் வேலைக்குப் போன பிறகு, அடுப்படி மேசையில் இருந்து கண்ணை மூடிச் சிலுவை போட்டு விரல் வைத்தேன்.

சாமுவேல் இரண்டாம் நூல். ஓர் இறைவாக்கினர் ஓர் அரசனிடம், உனக்குப் பிறந்த பிள்ளை செத்துப்போகும் என்று சொல்கிற இடம்.

அந்த அடுப்படியில் நான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. எழும்பும்போது ஒரு முடிவோடுதான் எழும்பினேன். செவ்வாய்க்கிழமை போவதில்லை. தீர்ப்பு வந்த பிறகு பரிசோதனை எதற்கு? போகாவிட்டால் ஒருவரும் அதை வாயால் சொல்லமாட்டார்கள். சொல்லாவிட்டால் அது நடக்காமலும் விடலாம். இரண்டு நியாயமும் ஒன்றுக்கொன்று முரண் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஜூட்டிடம் போகமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவர் கெஞ்சிக் கேட்டும், அதை உரக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் மரியதாஸ் அண்ணை எங்களைக் கோத்-வெர்த்து மெத்ரோவில் ஏற்றிக்கொண்டு போனார். காரில் அவர் சொன்ன பகிடிக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. நிலவறையில் எல்லாரும் இருந்து முடிய, ஞாயிறு பூசையில் வாசிக்கவிருக்கிற நற்செய்தியை அக்கா விரிக்கப்போன நேரத்தில் ஜூட் பொறுக்கமுடியாமல் சொல்லிவிட்டார்.

"அக்கா, பிள்ளையின்ரை இதயத்தைப் பாக்க வேணுமெண்டு செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கினம். இவ போகமாட்டாவாம். ஏனெண்டும் சொல்லுறா இல்லை. நீங்களாவது கேளுங்கோ."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா பக்கத்தில் வந்து இருந்தார்.

"ஏனடியப்பா?"

"விரல் வச்சுப் பாத்தனான், அக்கா."

"எதிலை வந்தது?"

சொன்னேன். ஜூட் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். மேலே ஹொக்கி மட்டும் நடந்துகொண்டிருந்தது. அக்கா நற்செய்தியை மூடிவைத்தார்.

"அப்ப இண்டைக்கு இதையே வாசிப்பம்."

"வேண்டாம் அக்கா. எனக்குக் கேக்க ஏலாது."

"அரை வசனத்தோடை உன்னை எப்பிடி வீட்டை விடுறது? முன்னுக்கு இருந்து வாசிப்பம். முழுக்க."

முதலில் அக்கா வாசித்தார். தாவீது அரசன் மாடியில் உலாத்தும்போது குளிக்கிற பத்சேபாவைக் காண்பது. அவள் உரியா என்கிற போர்வீரனின் மனைவி என்று தெரிந்தும் ஆள் அனுப்பி எடுப்பது. உரியாவைச் சண்டையின் முன்வரிசையில் விட்டுச் சாகக்கொடுப்பது. அவளை மணந்து அவளிடம் பிள்ளை பெறுவது. பிறகுதான் நாத்தான் இறைவாக்கினர் வருகிறார், என் விரல் பட்ட வசனம் வருகிறது. இரண்டாம் தரம் ஜூட் வாசித்தார். அந்த வசனத்தில் அவருடைய குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தாமல் அத்தியாயத்தின் கடைசிவரை போனார்.

"சொல்லுறது ஆர்?" என்றார் அக்கா.

"நாத்தான்."

"ஆருக்கு?"

"தாவீதுக்கு."

"முன்னம் என்ன நடந்தது?"

ஒருவரும் வாய் திறக்கமுதல் மரியதாஸ் அண்ணை என் பக்கம் திரும்பினார். முகத்தில் பகிடியே இல்லை.

"பிள்ளை, நீ ஆரைக் கொலை செய்தனி?"

"அண்ணை!" என்றார் ஜூட்.

"பொறும் தம்பி, கேக்கிறன். ஆரின்ரை பெண்சாதியைப் பறிச்சுக்கொண்டு வந்தனி? சொல்லு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கால் வழிந்தது. யாரோ கைதுடைக்கிற கடதாசி நீட்டினார்கள்.

"அப்ப உது உன்ரை விலாசத்துக்கு வந்த கடிதம் இல்லை. தபால்காரன் பக்கத்து வீட்டுக் கடிதத்தை மாறிப் போட்டிட்டுப் போட்டான். திருப்பிக் குடு."

நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு ஆறுதல் கிடைத்தால் அதை உடனே தட்டிப் பார்க்கவேண்டும், எங்கே ஓட்டை என்று.

"அப்ப உங்கடை எகிப்து, அண்ணை? அதுவும் யோசேப்புக்கு வந்த கடிதம்தானே?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று விளங்கியது. அக்காவே இத்தனை வருடம் தொடாத இடம். மரியதாஸ் அண்ணை முழங்காலைத் தடவிக்கொண்டார். கோபம் வரப்போகிறது என்று நான் ஜூட்டின் கையைப் பிடித்தேன்.

"ஓம்," என்றார். "அது யோசேப்புக்கு."

பிறகு அந்தக் கதையின் நாங்கள் ஒருநாளும் கேட்காத மிச்சத்தைச் சொன்னார்.

"அண்டைக்கு ஊரே ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளை. பைபிள் திறந்து பாக்காதவையும் ஓடினவை. எங்கடை ஒழுங்கையிலை இருந்த சைவக்காரர் எங்களுக்கு முதலே ஓடிட்டினம். பக்கத்து வீட்டு அந்தோனியும் திறந்து பாத்தவன். ஆண்டவர் மேய்ப்பர், பயமில்லை எண்டு வந்ததெண்டு வீட்டிலையே இருந்தவன்."

அந்தோனிக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"கடவுள் என்னை அண்டைக்குக் கொண்டுவந்தவர் எண்டுதான் இண்டைக்கும் நம்புறன். அதை ஒருத்தரும் என்னட்டை இருந்து எடுக்கேலாது. ஆனா விரலிலை இல்லை. அந்தோனிக்கும் விரல் இருந்தது."

எத்தனையோ ஆண்டுகளாக அவர் தன்னைத் தாங்கிப் பிடித்த கதையாகச் சொல்லிவந்ததன் பாதியை, முன்பின் யோசிக்காத ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்காக எல்லார் முன்னும் கழற்றிக் கொடுத்துவிட்டார். வேத விளக்கம் பற்றி நான் பிறகு வாசித்த புத்தகங்களில் நல்ல முறைகள் பல இருந்தன. இப்படி ஒருவர் தன் சொந்த ஆறுதலைச் செலவழிப்பதைப் பற்றி ஒன்றிலும் இல்லை.

அப்போது ஒரு மாமி, அத்தியாயத்தின் முடிவில் தாவீதுக்கு அடுத்த பிள்ளையாகச் சாலமோன் பிறக்கிறாரே, அந்தப் பிள்ளையில் கடவுள் அன்பு வைத்தார் என்று இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொள் பிள்ளை என்றார். எனக்கும் அதைப் பிடித்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஜெசிந்தா அக்கா விடவில்லை.

"கூடாததை அவைக்கெண்டு விட்டிட்டு, நல்லதை மட்டும் எங்களுக்கெண்டு எடுக்கேலாது, மாமி. அதுவும் விரல் வைக்கிறதுதான். கண்ணைத் திறந்துகொண்டு வைக்கிறம், அவ்வளவுதான்."

"அப்ப அந்தப் பிள்ளை ஏன் அக்கா சாகவேணும்?" என்று கேட்டேன். "தகப்பன் செய்ததுக்கு அது என்ன செய்யும்?"

அக்கா பதில் சொல்வார் என்று எல்லாரும் பார்த்தோம். "எனக்குத் தெரியாது," என்றார் அக்கா. சட்டத்தைக் கட்டிக்காத்தவரே தேத்தண்ணிக்கு முன் 'எனக்கு' என்று சொன்னதை ஒருவரும் கவனிக்கவில்லை. மரியதாஸ் அண்ணை, தனக்கும் விளங்கவில்லை, இதை விளங்கிவிட்டது என்று யாராவது வந்து சொன்னால் அந்த ஆளைக் கண்டுதான் தனக்குப் பயம் என்றார். ஜூட் தன் கைபேசியில் தேடிக்கொண்டிருந்தார். தகப்பனின் பாவத்தைப் பிள்ளை சுமக்காது என்று எசேக்கியேலில் ஓர் அத்தியாயமே இருக்கிறது என்று கண்டுபிடித்து வாசித்தார். அக்கா, பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள் என்று இயேசு சொல்கிற இடத்தைச் சொன்னார். ஒரு வசனம் இருட்டாக இருந்தால், மற்ற இடங்களில் எரிகிற விளக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்கவேண்டும். அப்படி வைத்தும் இருட்டாகவே இருந்தால், இருட்டாக இருக்கிறது என்று சொல்லவேண்டும். அவர்கள் அதைத்தான் செய்தார்கள். அந்தப் பிள்ளை செத்ததை ஒருவரும் மழுப்பவில்லை.

பிறகு அக்கா மெதுவாகக் கேட்டார். "நாத்தான் சொன்ன உடனை தாவீது என்ன செய்தவன்?"

நான் பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு தரம் வாசித்தும் அது என் காதில் விழுந்திருக்கவில்லை. தாவீது சாப்பிடாமல், நிலத்தில் கிடந்து, பிள்ளைக்காக மன்றாடுகிறான். பெரியவர்கள் வந்து தூக்கியும் எழும்பவில்லை. பிள்ளை உயிரோடு இருக்கும்வரை விடவில்லை. ஏன் என்று பிறகு அவனே சொல்கிறான்: கடவுள் இரங்கக்கூடும், யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்கிறான்.

"அவனுக்கு விரலிலை வரேல்லை. ஒரு இறைவாக்கினர் முகத்துக்கு நேரை வந்து சொன்னவர்," என்றார் அக்கா. "அப்பிடிச் சொல்லியும் அவன், சரி முடிஞ்சுது எண்டு விடேல்லை. நீ என்னெண்டு விடுவாய்?"

அதைச் சொல்லிவிட்டு எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போனார். அன்றைக்குத் தேத்தண்ணி வந்த பிறகுதான் எனக்குப் பசி தெரிந்தது. நான் மூன்று ரோல்ஸ் சாப்பிட்டேன். படியேறும்போது மரியதாஸ் அண்ணை கேட்டார், "செவ்வாய்க்கிழமை எத்தினை மணிக்கு வர?"

துறைமுகத்தில் வேலையை மாற்றிவிட்டு வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் எங்களை இறக்கிவிட்டு, வாகனம் நிறுத்த இடம் கிடைக்காமல் பரிசோதனை முடியும்வரை தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே நிபுணர் நெடுநேரம் பார்த்தார். மகளின் இதயத்தில் இரண்டு அறைகளுக்கு நடுவே சின்ன ஓட்டை ஒன்று. பிறக்கும்போது ஆயத்தமாக இருப்போம், பிறகு வருடாவருடம் பார்ப்போம், சில தானாக மூடும், சிலதைத் தைக்கவேண்டி வரும் என்றார். நல்ல செய்தியும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு தாய் வாழப் பழகலாம், பழகினேன். எங்கே பிள்ளை பெற்றால் நல்லது என்று முன்கூட்டியே தெரிந்ததால்தான், பிறந்த அன்று அவளுக்கு மூச்சு வாங்கியபோது பார்க்கவேண்டியவர்கள் பக்கத்தில் நின்றார்கள்.

மகளை முதன்முதலாக அந்த நிலவறைக்குக் கொண்டுபோன வெள்ளிக்கிழமை, கைமாறிக் கைமாறி எல்லார் மடியிலும் இருந்தாள். மரியதாஸ் அண்ணை காதை அவள் நெஞ்சில் வைத்து, "எஞ்சின் நல்லாத்தான் ஓடுது" என்றார். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் இதயப் பரிசோதனை முடிந்த வெள்ளிக்கிழமை, வாசிப்புத் தொடங்கமுதல் எங்களைத்தான் கேட்பார்கள். இன்னும் இருக்கு, பெரிசாகவில்லை என்போம். சரி என்று சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்குவார்கள்.

பிறகு பெருந்தொற்று வந்தது. கொஞ்சக் காலம் கணினித் திரையில் கூடினோம். தேத்தண்ணி அவரவர் வீட்டில் அவரவர் நேரத்துக்கு வந்ததால் சட்டம் குழம்பிவிட்டது. எல்லாரும் தொடக்கத்திலிருந்தே எனக்கு, எனக்கு என்றார்கள். மரியதாஸ் அண்ணை ஓய்வெடுத்துக்கொண்டு ரொறொன்ரோவில் மகன் வீட்டுக்குப் போனார். ஜெசிந்தா அக்காவின் கணவருக்கு ஒட்டாவாவில் வேலை கிடைத்தது, வீட்டை விற்றார்கள். மாமிமார் சிலர் இப்போது உயிரோடு இல்லை. சண்டை பிடித்துப் பிரிந்த கூட்டமென்றால் ஒரு நாளைக் குறித்துச் சொல்லலாம். இது அடுத்த கிழமை பார்ப்போம் என்று சொல்லிச் சொல்லியே நின்றுபோனது. நான் இப்போது தனியாகத்தான் வாசிக்கிறேன். இரண்டு தரம் வாசிக்கிறேன். ஆனால் இரண்டாம் தரமும் என் குரல்தான்.

போன வசந்தத்தில் வருடாந்தப் பரிசோதனைக்குப் போனோம். வைத்தியர் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், திரும்பவும் திரையைப் பார்த்தார். மூடிவிட்டது என்றார். இனி இந்தப் பக்கம் வரத் தேவையில்லை, நல்லாய் ஓடி விளையாடு என்று மகளிடம் பிரெஞ்சில் சொன்னார். நான் நிச்சயமாகவா என்று கேட்டேன். நிச்சயம் என்றார். திரும்பவும் கேட்டேன், ஜூட் என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

கார் நிறுத்துமிடத்தில் இருந்தே அக்காவுக்கும் அண்ணைக்கும் குரற்செய்தி அனுப்பினேன். இருவரும் பின்னேரம் கூப்பிட்டார்கள், அக்கா அழுதார், அண்ணை சத்தமாகச் சிரித்தார். ஆனால் அது பிறகு. அந்த நேரத்தில் ஜூட் சாவியைத் திருப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். மகள் பின்னால் இருந்து பெல்ட்டைத் தானே போட்டுக்கொண்டு, வெளிக்கிடுவோம் என்று அவசரப்படுத்தினாள். தெருவோரத்தில் கடைசிப் பனி கறுத்து உருகிக்கொண்டிருந்தது.

"எங்கை போவம்?" என்று கேட்டார் ஜூட்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நிலவறையைத்தான் நினைத்தோம் என்பது எனக்குத் தெரியும். அங்கே இப்போது வேறு ஆட்கள். நாங்கள் எங்கள் வீட்டுக்குப் போனோம்.